ஊருக்கொரு நாயகி

போன மாதம் குன்னத்துகால் வாசகசாலைச் செயலாளர் லினி என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சேலையில் குத்திக்கொள்கிற மாதிரி ஒரு குட்டி மைக்.

"மாமி, பத்து நிமிசம் கதை சொல்லணும். அந்தப் பழைய வழிக்கதையாக்கும். எங்க ஊரு ரோட்டுத் திருப்புல பஞ்சாயத்து ஒரு போர்டு வைக்குது. போர்டுல ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். ஆளுவ போனைக் காட்டினா ஒங்க சத்தம் கேக்கும்."

"ஆளில்லாம நான் யாருட்ட சொல்லதுக்கு?"

"போனுட்ட சொல்லுங்க."

முப்பத்திரண்டு வருடம் மேடையில் நின்றவள் நான். அம்பலத் திருவிழா, சபை ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்திலும் கதை சொன்னோம். ஒரு தடவை சந்தைத் திறப்பு விழாவில் விற்பனைக்கு நின்ற ஆடுகளுக்கு முன்னால்கூடச் சொன்னோம். ஆடுகளாவது எங்களைப் பார்த்தன. லினியின் போன் என் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு மேசையில் மல்லாந்து கிடந்தது. சரி, காலம் அப்படி என்று தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் ஒரு தாளை நீட்டினாள். பஞ்சாயத்து கொடுத்த தாள். முதல் வரியில் 'கதை நாயகியின் பெயர்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் தொழில் நடந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

கதாப்பிரசங்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார், நடுநடுவே பாடுவார். கையில் சப்ளாக்கட்டை தாளம் போடும். பின்னால் ஆர்மோனியம், தபலா. கதை சொல்லுகிறவருக்கு இங்கே காதிகர் என்று பெயர். எங்கள் காதிகர் தங்கையா அண்ணன். சபைப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் அப்பாவிடம் கேட்டு வாங்கினார். பெண்பிள்ளையை ஊர் ஊராக அனுப்புவதாவது என்று அப்பா குதித்தார். தங்கையா அண்ணன் மறுநாள் தன் மனைவியையும் கூட்டிவந்து, "இவளும் வண்டியில வருவா, போதுமா?" என்றார். நான் கற்றுக்கொண்ட இரண்டு வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், பாடினேன், மறுபடியும் திட்டு வாங்கினேன்.

அந்தத் திட்டிலும் ஒரு மரியாதை உண்டு. மேடையில் நான் சுருதி விட்டால் அண்ணன் திரும்பிப் பார்க்கமாட்டார். சப்ளாக்கட்டையை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவார், அவ்வளவுதான். கூட்டம் அதையும் தாளம் என்று நினைத்துத் தலையாட்டும். எனக்கு மட்டும் அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருக்கும். வெளியாட்களிடம் அவர் வாயில் 'முடியாது' என்ற சொல்லே வராது. "பாப்போம்" என்பார். சொல்லிவிட்டுத் தோளில் கிடக்கும் சால்வையை மூன்று தடவை சரிசெய்வார். சால்வை மூன்றாவது தடவை சரியானால் அந்தக் காரியம் ஜென்மத்துக்கும் நடக்காது என்று எங்கள் குழுவுக்குத் தெரியும். கேட்டவர் பாவம், சந்தோஷமாகப் போவார்.

எங்களுக்குச் சோறு போட்டது வழிக்கதை. தோள்சீலைப் போராட்டக் கதையை எல்லாக் குழுவும் சொல்லிக்கொண்டிருந்தது. வழிக்கதை எங்களிடம் மட்டும்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முன்னால் போகும் பொதுவழியில் எல்லாரும் நடந்துவிட முடியாது. வயல்வேலை செய்கிற சாதிக்காரர்கள் சேற்றில் இறங்கி, வரப்பு வழியாகச் சுற்றித்தான் சந்தைக்குப் போக வேண்டும். வழி எல்லாருக்கும் பொது என்று மேலிடத்து ஆணை வந்தது. ஆணை வந்த பிறகும் திருப்பில் கம்போடு ஆள் நின்றது. ஒரு பெண் மரச்சீனிக் கிழங்குச் சுமையோடு அந்த வழியில் ஏறி நடந்தாள். அடித்தார்கள். கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு திரும்பியவள் மறுநாளும் வந்தாள். மறுபடியும் அடித்தார்கள். எட்டாம் நாள் அவளுக்குப் பின்னால் அவளுடைய ஆட்கள் எல்லாரும் நடந்தார்கள். கம்பு ஒதுங்கியது. கதை இவ்வளவுதான். நாங்கள் இதை இரண்டேகால் மணி நேரம் சொல்லுவோம்.

இது எந்த ஊரில் நடந்தது என்று நான் ஒரு தடவை அண்ணனிடம் கேட்டேன். "எல்லா ஊரிலயும் நடந்ததாக்கும் பிள்ளே" என்றார். பொய்யில்லை. ஆனால் அந்த எட்டு நாள் எந்த ஊரில் என்று அவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு சாயாக்கடையில் காதில் விழுந்த கதை.

தெரியாதது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மத்தியானம் நானும் அண்ணனும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவோம். சாயாக்கடையில் உட்கார்ந்து நான் நோட்டில் எழுதுவேன். ஊரில் பெரிய திருப்பு எது, அங்கே என்ன மரம், கிணறு யாருடையது, கமிட்டித் தலைவரின் பாட்டி பெயர் என்ன, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை. மறுநாள் கதையில் அந்தத் திருப்பு வரும், அந்த மரம் வரும், அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பார்கள். அடி வாங்கிய நாயகிக்குத் தலைவருடைய பாட்டியின் பெயர். ஊர் முழுக்க, "ஐயோ, நம்ம ஊருக் கதை" என்று கண்ணைத் துடைக்கும். தலைவர் எந்தச் சாதியாக இருந்தாலும் வழக்கம் இதுதான். ஒரு ஊரில் தலைவரின் முன்னோர்கள் கம்பு பிடித்த கூட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணன் ஒரு நொடி யோசித்தார். அன்றைய கதையில் தலைவரின் பாட்டி கதவைத் திறந்து, அடிபட்டவளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். கைதட்டல் ஓயவே இல்லை.

வில்லன் மட்டும் எப்போதும் நெய்யாற்றுக்கு அக்கரைக்காரன். அமரவிளையில் கதை சொன்னால் கம்பு பிடித்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரையில் சொன்னால் பாலத்துக்கு இந்தப் பக்கம். முப்பது வருடத்தில் இக்கரையிலும் அக்கரையிலும் அடித்தவன் ஒருவன்கூட இல்லாமல், அடி வாங்கியவர்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு நாட்டை நாங்கள் உண்டாக்கிக் கொடுத்தோம்.

ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். அமரவிளைப் பக்கம் ஒரு சபை ஆண்டுவிழா. கம்பு பிடித்தவனுக்கு அக்கரையிலுள்ள ஒரு வீட்டின் பெயரை நான் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணன் அந்தப் பெயரைச் சொன்னதும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

"எலே, அது எனக்க அப்பன் வீடாக்கும்! யாருலே சொன்னது?"

வாக்கப்பட்டு இக்கரைக்கு வந்தவள். எங்கள் ஊர்களில் பாதிப் பெண்கள் பாலம் தாண்டி வந்தவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஆர்மோனியத்தில் விரல் ஒட்டிக்கொண்டது. அண்ணன் சப்ளாக்கட்டையை ஒரு தட்டு தட்டினார். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. "அந்தக் கொடிய வீட்டிலும் ஒரு மகள் பிறந்தாள். நீதி தெரிந்த மகள். அப்பனுடைய கம்பை ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டு, ஆறு தாண்டி நல்ல ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள்" என்றார். நின்றவள் மெதுவாக உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குக் கை கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "இனி வில்லனுக்கு வீடு தேடாத பிள்ளே. நாமளே ஒரு வீடு கட்டிக் குடுப்போம்." அதற்குப் பிறகு இல்லாத ஒரு வீட்டின் பெயரைத்தான் சொன்னோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். குன்னத்துகாலில் ராகவன் சார் வந்து உட்காராமல் இருந்திருந்தால்.

வாசகசாலை ஆண்டுவிழா, மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. வழக்கம்போல் மத்தியானம் சாயாக்கடையில் நோட்டோடு இருந்தோம். தலைவர் ஜெபமணியின் பாட்டி பெயர் ஞானம்மாள் என்று எழுதியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரையும் வேன் வைத்துக் கூட்டிவருவதாக ஜெபமணி சொல்லிவிட்டுப் போனார். அப்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், முட்டுவலிக்காரர், மேசையைப் பிடித்து மெதுவாக எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருப்பில் இருக்கும் பனவிளாகத்து வீடு அவருடையது.

"நாளைக்கு வழிக்கதை இல்லியா?" என்றார்.

"ஓ, அதுதான் சார்" என்றார் அண்ணன்.

"அது இங்க நடந்த கதையாக்கும். அந்தக் கம்பு எங்க வீட்டுக் கம்பு."

அண்ணன் சாயாவை ஆற்றுவதை நிறுத்தினார். "சார், இதெல்லாம் எல்லா ஊரிலயும் நடந்ததுதானே."

"எல்லா ஊரிலயும் நடந்திருக்கும். எட்டு நாளு நடந்தது இங்க. அவளுக்க பேரு சடைச்சி."

எத்தனையோ மேடை ஏறியிருந்த எனக்கு அன்றுதான் உறைத்தது. அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கத்தோடு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பெயரை எழுதினேன்.

"ஒங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவ செத்த பொறவு எங்க வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு கேடு. அவளுக்க கோபமாக்கும்னு ஜோசியன் சொல்லியாச்சு. பிலாமரத்து மூட்டுல ஒரு கல்லு நாட்டினாவ. வருசத்துக்கு ஒரு தடவ அவலும் தேங்காயும் வச்சு, அவ பேரை மூணு தடவ விளிக்கணும். எனக்க தாத்தா விளிச்சாரு, அப்பன் விளிச்சாரு, இப்ப நான் விளிக்கியேன். எனக்குப் பிள்ளைய இல்ல. தங்கச்சி மக்க வீட்டை விக்கப் போவினும். பொறவு அந்தப் பேரைச் சொல்ல ஆளில்ல."

"அவளுக்க ஆளுவ?"

"எட்டாம் நாளு அவ பொறத்த நடந்தவியள ஒருத்தரையும் இந்த ஊருல இருக்க விடல்ல. எங்கயோ போயாச்சு. நானும் விசாரிச்சேன். ஒண்ணும் தெரியல்ல."

அவர் எங்கள் பக்கம் குனிந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுல பயந்து பயந்து விளிச்ச பேராக்கும் அது. ஒரு தடவ பயமில்லாம விளிக்கணும். ஆளுவளுக்க முன்ன, மைக்குல. எங்க வீட்டுப் பேரையும் சேத்துச் சொல்லுங்க. எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

அண்ணன், "பாப்போம் சார்" என்றார். நான் சால்வையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ராகவன் சார் எங்கள் இருவருக்கும் சாயாவுக்குச் சொல்லிவிட்டு, சந்தோஷமாக மேசையைப் பிடித்து எழுந்து போனார்.

பஸ்ஸில் நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

"வில்லன் தானா வந்து எனக்க பேரைச் சொல்லுன்னு கேக்கியாரு. உண்மைப் பேரும் கிடைச்சிருக்கு. பொறவு என்னத்துக்கு ஞானம்மாள்?"

"உண்மை எங்க ஓடப்போவுது? அடுத்த வருசம் சொல்லலாம். நாளைக்கு ஞானம்மாளுக்க பேரப்பிள்ளைய ஒரு வேன் நிறைய வருவினும்."

"ராகவன் சாரும் வருவாரு."

"அவரு ஒராளு, பிள்ளே."

மறுநாள் முன்வரிசையில் ஜெபமணியின் சொந்தங்கள் புதுச்சேலை கட்டி இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் ராகவன் சார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம். அவரும் விழாவுக்கு வந்த மாதிரித்தான் இருந்தார். முதல் ஏழு நாளை அண்ணன் 'அவள், அவள்' என்றே சொல்லிக்கொண்டு போனார். எட்டாம் நாள்தான் பெயர் வரும், பாட்டில் வரும். அந்தப் பாட்டில் பெயருக்கு ஒரு இடம் விட்டிருக்கும், எந்த ஊர்ப் பெயரும் உட்கார்ந்துவிடும்.

எட்டாம் நாள் விடிகிற இடத்தில் அண்ணனுக்கு இருமல் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆர்மோனியத்தை விட்டுவிட்டு நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். பாட்டு எடுத்தேன். பெயருக்கான இடம் வந்துகொண்டே இருந்தது. ராகவன் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முட்டுவலியோடு ஒரு மனிதர் அப்படி நுனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "ஞானம்மாள்" என்று பாடினேன்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. ஜெபமணி மேடையேறி எனக்குச் சால்வை போர்த்தினார். நான் அழுததைப் பார்த்து அவர் வீட்டுப் பெண்களும் அழுதார்கள். என்ன உருக்கம், என்ன உருக்கம் என்று ஊர் பேசியது. அடுத்த பாட்டை அண்ணனே பாடினார், கணீரென்று. அந்த இருமல் உண்மைதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பாப்போம்" என்றிருப்பார்.

எல்லாம் முடிந்த பிறகு ராகவன் சார் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பாட்டு நல்லாயிருந்து மோளே" என்றார். கைகூப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அந்த ஊரில் எங்களுக்கு நிகழ்ச்சி இல்லை. அதற்கடுத்த மழையில் ராகவன் சார் தவறிவிட்டார். தங்கை மக்கள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். பிலாமரம் நின்ற இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். கல் எங்கே போயிற்று என்று கேட்டால் எந்தக் கல் என்பார்கள்.

அண்ணன்மேல் பழியைப் போட்டுவிட்டு முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பிறகு அவருக்குத் தொண்டை நிஜமாகவே போய்விட்டது. கடைசிப் பதினொரு வருடம் நானே காதிகர். மைக் என்னுடையது, கதை என்னுடையது, தடுக்க ஒருவரும் இல்லை. அந்தப் பதினொரு வருடமும் முந்தின நாள் மத்தியானம் நோட்டோடு போய், "தலைவருக்க பாட்டி பேரு என்னவாக்கும்?" என்று கேட்டேன். மேரியம்மாள், தங்கம்மை, பகவதியம்மை, லீதியாள் என்று எல்லாரையும் நடக்கவைத்தேன். சடைச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். வழிநடையைப் பற்றி ஊர் ஊராகக் கூவி வயிறு வளர்த்த நான், அவளை மேடையேற விடாமல் திருப்பில் நின்றிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

லினி கொடுத்த தாளில் அந்தக் கோட்டுக்கு மேல் 'சடைச்சி' என்று எழுதினேன். பிறகு போனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பனவிளாகத்து வீடு, கம்பு, எட்டு நாள், ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், கல், பயந்து விளித்த பெயர். பத்து நிமிடம் இருபது ஆகிவிட்டது. லினி போனில் பதிவை நிறுத்தினாள். முடித்ததும் அவள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். ஞானம்மாள் எங்கே என்பாள், ஜெபமணியின் மகன் சும்மா விடமாட்டான் என்பாள். முட்டிமோதி நிற்க வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். இந்தத் தடவை விடக்கூடாது.

"வீட்டுப் பேரு வேண்டாம் மாமி" என்றாள் முதலில். "மண்டபத்துக்காரங்க அந்தப் பேரைத்தான் மண்டபத்துக்கு வச்சிருக்காங்க. கேஸு குடுப்பினும். அத வெட்டிருதேன்."

"வெட்டிக்க. பேரை வெட்டாத."

"இந்தச் சடைச்சி யாரு வீட்டு ஆளு?"

"யாரு வீட்டு ஆளும் இல்ல."

"சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லியா?"

"இல்ல."

லினி பெருமூச்சு விட்டாள். "அம்மாடி, நல்லதாப் போச்சு மாமி. கமிட்டியில மூணு கோஷ்டி அவியவிய பாட்டி பேரை வைக்கணும்னு ஒரு மாசமா சண்டை. ஒருத்தருக்க பேரை வச்சா மத்த ரெண்டு பேரும் போர்டை உடைப்பினும். இதுன்னா கேக்க ஆளில்ல. இதையே வச்சிரலாம்."

ஆளில்லாததால் அன்று விட்டுப்போன பெயர், ஆளில்லாததால் இன்று ஜெயித்துவிட்டது.

லினி போனைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். "மாமி, பேரு வாற எடத்துல வெளிய பஸ்ஸு ஹாரன் அடிச்சிருக்கான். பேரை மட்டும் ஒரு மூணு தடவ தனியாச் சொல்லுங்க. நல்லதைப் பாத்து எடுத்துக்கிடுதேன்."

குட்டி மைக்கைக் கையில் வாங்கி, மூன்று தடவை விளித்தேன். பயமில்லாமல் விளிக்கணும் என்று ராகவன் சார் சொல்லியிருந்தார். மூன்றில் எது பயமில்லாதது என்று லினியே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.